கால்மாட்டில் ஒரு செங்கல்

அத்தியாயம் ஏழு

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் சார் தரையில் குப்புறப் படுத்தார்.

வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வலியை மறந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கையை எடுத்துவிட்டு என்னிடம் குனிந்தாள்.

"அவருக்கும் பல்லாம்மா?"

"இல்லைங்க. அவருக்கு வேற இடத்துல கோளாறு."

"பட்டதாரி, டார்ச்," என்றது தரை.

பட்டதாரி நான்தான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். சட்டத்துக்குள் கறுப்பு அங்கியோடு சிரித்துக்கொண்டிருப்பவள் ஒரு துப்பறிவாளருக்கு டார்ச் பிடித்துப் பிழைக்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். மாமாக்களுக்கு இன்னும் தெரியாது. அவர்களிடம் "ஆராய்ச்சி வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

டார்ச்சைக் கொடுத்தேன். சார் ஆராய்ந்தார்.

அவர் முன்னால் நின்றது ஒரு ஸ்பீக்கர். என் நெஞ்சு உயரம். அறையின் அந்தப் பக்கம் அதன் ஜோடி. கடல் தாண்டி வந்த ரோஸ்வுட். கறுப்பும் சிவப்புமாக வரி வரியாக ஓடியது. முழு மரம் இல்லை. மரத்தைத் தாள் கனத்துக்குச் சீவி எடுத்த தோல். வெனீர் என்கிறார்கள். அதைச் சாதாரணப் பலகைப் பெட்டிமேல் ஒட்டினால் பெட்டி ராஜா வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தோலை எடுத்து, புத்தகத்தை விரித்த மாதிரி இடது பெட்டிக்கு ஒன்று, வலது பெட்டிக்கு ஒன்று. அதனால் இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

கடைசி நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எனக்கு அக்கா இல்லை. காணாமல் போனவனுக்கு அக்கா. வழக்கோடு எங்களிடம் வந்த கட்சிக்காரி. மடியில் கைப்பை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், யாரோ பறிக்க வருகிற மாதிரி. முகத்தில் ஒன்றுமே இல்லை. ஏழு மாதமாக அந்த முகத்தில் ஒன்றும் இல்லை என்று அவள் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

ஏழு மாதம் முன்பு ஆற்றுப் படகு கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் கரையேறினார்கள். தெரியாதவர்களைக் கீழே மதகில் எடுத்தார்கள். அவள் தம்பி மட்டும் இரண்டு கணக்கிலும் வரவில்லை. ஆர்டர் எடுத்து ஸ்பீக்கர் செய்கிறவன். அக்கா வீட்டுப் பின்கட்டில்தான் அவன் பட்டறை. அக்கா அதைப் பூட்டினாள். "அவன் வந்து திறப்பான்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை, போட வந்தவர்களையும் வாசலோடு அனுப்பினாள்.

போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்க இங்கே வந்தாள். பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு, நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். பஞ்சோடு அவள் சொன்னது எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எழுதிக் காட்டினாள்: என் தம்பி உயிரோடு இருக்கிறான்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார் சார், படுத்தபடி. "எனக்கு ஒரு காது நிரந்தர லீவு. இந்தப் பக்கமா."

அக்கா அந்தப் பக்கம் நகர்ந்தாள். "மரத்த சீவுனா வரி மலை மலையா வரும் சார். உச்சி மேல பாத்து நிக்கும். மரம் எப்படி நின்னுச்சோ அப்படி. எல்லாரும் அப்படித்தான் ஒட்டுவாங்க. என் தம்பி பெட்டியில மட்டும் மலை தலைகீழா தொங்கும். இங்க பாருங்க."

பார்த்தேன். சொன்னதற்குப் பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. உச்சிகள் எல்லாம் தரையைப் பார்த்தன.

"கேட்டேன், ஏன்டா இப்படின்னு. 'அது என் அடையாளம்க்கா. எவன் வீட்டுல பாத்தாலும் நீ கண்டுபிடிச்சிடலாம். வேற எவனும் இப்படிச் செய்யமாட்டான், செஞ்சா தப்புன்னு நெனச்சு மாத்திடுவான்'னான். என்கிட்ட மட்டும்தான் சொன்னான். வெளியில ஒருத்தருக்கும் தெரியாது."

"வாங்கின ஆளுங்க கவனிக்கமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நீ கவனிச்சியா?"

குனிந்து மறுபடி மலைகளைப் பார்த்தேன்.

"டாக்டர் இத போன மாசம்தான் வாங்கினாராம். ஆத்துல கெடக்கிறவன் போன மாசம் எந்திரிச்சு வந்து வெனீர் ஒட்டிட்டுப் போனானா? இருக்கான். எங்கயோ இருக்கான். அவளுக்குத் தெரியும்."

அவள் என்றால் தம்பி பெண்டாட்டி. ஏழு மாதமாக ஒரே வீடு, ஒரே கூடம். காலையில் தையல் வேலைக்கு என்று போகிறாள், சாயங்காலம் வருகிறாள்.

"அவ ஒரு சொட்டு அழல. புருஷன் நெசமாவே போயிருந்தா எவளாவது அழாம இருப்பாளா?"

அக்காவும்தான் அழவில்லை. அது வாய்வரை வந்தது. சார் தரையிலிருந்து என்னைப் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

என் கணக்கு அப்போது ரொம்ப எளிது. ஓடிப்போன ஆம்பளை. படகு கவிழ்ந்தது வசதியாகப் போயிற்று. நனைந்த சட்டையோடு வேறு கரையில் ஏறி வேறு வாழ்க்கைக்கு நடந்துவிட்டான். இரண்டு பெண்கள் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து கல்லாகிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் அவனிடம் கேட்க எனக்குக் கேள்விகள் இருந்தன. பாதிக்குமேல் அச்சில் ஏற்ற முடியாதவை.

உள்ளிருந்து டாக்டர் கையுறையோடு எட்டிப் பார்த்தார். "அடுத்தது யாரு? கீழ படுத்திருக்காரே, அவரா?"

"நான் கடைசியா வரேன் டாக்டர்," என்றார் சார். "இந்த ஸ்பீக்கர் எப்படி?"

"பாக்க அழகு. பாட்டு போட்டா வாயில பஞ்சு வெச்சுப் பேசுற மாதிரி இருக்கு. இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க, அதனால யாரும் குறை சொல்லல."

"கொஞ்சம் போடுங்களேன்."

போட்டார். செய்தி. ஒரு பெண் வானிலை சொன்னாள். சார் என்னைப் பார்த்தார். "கேட்டுச் சொல்லு."

"கெணத்துக்குள்ள விழுந்த பொண்ணு மழை வரும்னு சொல்றா சார்."

"நேத்து?"

நேற்று அக்கா வீட்டுக் கூடத்தில் தம்பி செய்த பழைய ஜோடியைக் கேட்டிருந்தோம். அதிலும் செய்திதான். வாசித்த பெண் வாக்கியத்துக்கு நடுவே மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சார் எழுந்து நின்று, "யாரோ வந்திருக்காங்க" என்றார். ஒரு காதோடு. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நேத்து நாற்காலி போட்டிருப்பேன் சார் அந்தப் பொண்ணுக்கு. இன்னிக்கு கயிறுதான் விடணும்."

"ம்." டார்ச்சைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் படுக்கவைத்துப் பக்கவாட்டாக அடித்தார். "இங்க கை வை."

வைத்தேன். வழவழப்பு. அதற்கு நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விரல் லேசாக இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். டார்ச் வெளிச்சத்தில் மட்டும் விளிம்பு தெரிந்தது. நீள்சதுரம்.

"எவ்ளோ பெருசு?"

"ஒரு செங்கல் அளவு."

"அந்தப் பெட்டியில பாரு."

அறையைக் கடந்து போய்க் குனிந்தேன். அதே இடம். அதே அளவு. நேற்று பார்த்த பழைய ஜோடியில் இது இல்லை. அங்கேயும் இப்படித்தான் தடவவிட்டார், வீட்டு நாய் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிற அளவுக்கு.

"வண்டியில வரும்போது இடிச்சிருக்கும்," என்றாள் அக்கா.

"ரெண்டும் ஒரே எடத்துலயாம்மா?"

சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழும்போது அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. துப்பு கிடைத்தவர் முகம் மாதிரி இல்லை அது.

*

டாக்டர் சொன்ன கடை இரண்டு தெரு தள்ளி. கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒல்லி மனிதர் ஒருவர் கடைக்காரர். ஒவ்வொரு கேள்விக்கும் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"இந்தப் பெட்டி யார் செய்றா?"

"தெரியாதுங்க."

"உங்க கடை பேர் போட்டு விக்கிறீங்க, செய்றவரு தெரியாதா?" என்றேன்.

"பெட்டிதாங்க வரும். வெறும் பெட்டி. உள்ள காலி. நாங்கதான் ஓட்டை போட்டு ஸ்பீக்கர் வெச்சு ஒயர் இழுக்கிறோம்."

"அதான் கெணறு," என்றேன் சாரிடம்.

கடைக்காரர் ஹெட்போனை இறுக்கிப் பிடித்தார். "எங்க வேலைய யாரும் குறை சொன்னதில்லம்மா."

"கெணத்துல இருக்கிறவங்க சொன்னா மேல கேக்காதுங்க."

அக்கா இரண்டடி முன்னால் வந்தாள். அன்று முதல்முறையாக அவள் குரலில் ஏதோ அசைந்தது. "புரியுதா சார்? ஒளிஞ்சிருக்கான். அவன் சத்தம் இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சத்தத்த குடுத்தா மாட்டிக்குவான். அதான் வெறும் பெட்டி."

எனக்கு அது சரியாகப் பட்டது. கெட்டிக்காரன் என்றுகூட நினைத்தேன். கோபம் இன்னும் ஒரு சுற்று ஏறியது.

சார் கடையில் இருந்த ஒரு காலிப் பெட்டியின் தலையில் தட்டினார். "உங்க தம்பிக்கு எதும்மா பெருசு? மரமா, சத்தமா?"

"சத்தம்தான். 'மரம் சட்டைக்கா, சத்தம்தான் உடம்பு'ம்பான்."

"அப்ப சட்டைய மட்டும் அனுப்புறாரு."

"ஆமா. அதத்தான் நானும் சொல்றேன்."

"நீங்க சொல்றது வேறம்மா," என்று சார் முனகினார். அக்காவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, புரியவில்லை.

பெட்டிகளைக் கொண்டுவரும் வேன் வாசலிலேயே நின்றது. வேன்காரர் முன்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார். எழுப்பினோம்.

"மூடிக்கெடக்கே அச்சகம், அதுக்குப் பின்னாடி மாடி. போர்வை சுத்தி வெளியில வெச்சிருக்கும். எடுத்துட்டு வருவேன். ஆளப் பாத்ததில்ல. உள்ள தட்டுற சத்தம் கேக்கும்."

"என்ன போர்வை?" என்றாள் அக்கா.

வேன்காரர் பின்னாலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். நீலம். ஓரத்தில் சாம்பல் கோடு. ஒரு மூலை கிழிந்து வேறு நூலால் தைத்திருந்தது. அக்கா தையலை விரலால் தடவினாள். அவள் போட்ட தையல். தம்பியைப் பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்பும்போது அவள் கட்டிக் கொடுத்த போர்வை.

"வண்டிய எடுங்க," என்றாள்.

*

வேனில் அக்கா சீப்பை எடுத்துத் தலை வாரினாள். முகத்தைத் துடைத்தாள். "பாத்ததும் செருப்பால அடிப்பேன்," என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"மொத அடி உங்களுது. மிச்சத்த எனக்கு விடுங்கக்கா."

"தலைவலி வந்தா கண்ணக் கசக்குவான். இப்பவும் கசக்குவான்." போர்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள். "அடிச்சா கையக் குறுக்க வெக்கமாட்டான். சின்ன வயசுலேருந்தே."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஏழு மாதம் விறைத்துப்போன கையில் ரத்தம் திரும்புகிற மாதிரி அவள் பேசினாள். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி:

"பட்டதாரி. பெட்டியப் படுக்க வெச்சாச்சு. பெட்டியிலயும் தோலோட பின்பக்கத்துலயும் பசை தடவியாச்சு. இப்ப அந்தத் தோல மேல வெக்கணும். தொட்டா ஒட்டிக்கும், மறுபடி எடுக்க முடியாது. எத்தனை பேர் வேணும்?"

"ரெண்டு பேர். ஆளுக்கு ஒரு நுனி."

"அந்த ரெண்டாவது ஆள் யாருன்னு இதுவரைக்கும் நாம கேக்கவே இல்ல."

அவரைப் பார்த்தேன். அவர் கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

மாடிக் கதவுக்குப் பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டது. மென்மையான சத்தம். அக்கா கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

ஒரே அறை. நடுவில் நீளமான பெஞ்ச். பெஞ்சின்மேல் ஒரு பெட்டி படுத்திருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆள் கிடக்கிற மாதிரி. அதன் தலைமாட்டில், ஆண்பிள்ளைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கையில் ரப்பர் உருளையோடு நின்றவள் தம்பி பெண்டாட்டி.

எங்களைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"செருப்ப வெளியில விடுங்க அண்ணி. மண்ணு பறந்தா பசையில ஒட்டிக்கும்."

"அவன் எங்க?"

"யாரு?"

அக்கா கதவுக்குப் பின்னால் பார்த்தாள். திரையை விலக்கினாள். குளியலறைக்குள் போனாள், கம்பியில் ஒரே ஒரு துண்டு. தொட்டியில் ஒரே ஒரு டம்ளர். திரும்பி வந்தாள். பெஞ்சுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். அவ்வளவு பெரிய ஆளை அங்கே ஒளிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தாள்.

"வெளிய போயிருக்கானா?"

"அண்ணி. அவரு ஆத்துல போயிட்டாரு."

"பொய். இந்தப் பெட்டி யார் ஒட்டினது? தலைகீழா இருக்கே, இது அவன் அடையாளம். அவனத் தவிர யாருக்கும் தெரியாது. எங்க வெச்சிருக்க அவன?"

தம்பி பெண்டாட்டி பெட்டிமேல் குனிந்தாள். பசையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துவிட்டதா என்று. அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. அக்கா கண்ணிலும் ஒன்றும் இல்லை. ஒரே கடையில் வாங்கின மாதிரி இரண்டு முகம்.

"அம்மா," என்றார் சார். "இப்படி வந்து கீழ பாருங்க."

தரையைக் காட்டினார். தம்பி பெண்டாட்டி நின்ற தலைமாட்டுப் பக்கம் பசைச் சொட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப் போய், நடுவில் இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் சுத்தமாக இருந்தது. கால்மாட்டுப் பக்கம் ஒரு சொட்டுக்கூட இல்லை. மாவு மாதிரி மரத்தூசி படிந்திருந்தது. மிதிபடாத தூசி.

"இந்தப் பக்கம் ஆள் நின்னு ரொம்ப நாளாச்சு," என்றார். "இந்த ரூம்ல நின்னதே இல்ல."

அப்போதுதான் நான் செங்கல்லைப் பார்த்தேன். பெட்டிமேல், பசை முன்கூட்டியே ஒட்டிவிடாதபடி மெழுகுத்தாளும், அதற்கு மேல் அடுத்த வெனீரும் விரிக்கப்பட்டிருந்தன. கால்மாட்டு நுனியில், துணி சுற்றிய ஒரு செங்கல், நுனி நகராமல் அழுத்திக்கொண்டு. எதிரில் நின்று பிடிக்க ஆள் இல்லாத இடத்தில்.

"டாக்டர் ரூம்ல பெட்டியோட அடியில பள்ளம் இருந்துச்சுல்லம்மா? ரெண்டுலயும் ஒரே எடத்துல. இதுதான் அது. ஆள் பிடிச்சா பள்ளம் விழாது. உங்க கூடத்துல இருக்கிற பழைய ஜோடியில இல்ல. ஏன்னா அப்ப அங்க உங்க தம்பி நின்னாரு."

அக்கா செங்கல்லைப் பார்த்தாள். அதை இன்னும் நம்பவில்லை. "தலைகீழ்? அது?"

அதை நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. தலைமாட்டுப் பக்கம் போய் தம்பி பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பெட்டியின் தலை என் வயிற்றுக்கு நேராக இருந்தது. அதன் கால் எதிர்ச் சுவரைப் பார்த்தது. வெனீரின் மலைகள் என்னிடமிருந்து விலகி, ஒழுங்காக, நேராக, உச்சி தூரத்தில் இருக்க நின்றன.

"சார். இங்கேருந்து பாத்தா நேரா இருக்கு."

அக்கா பக்கம் திரும்பினேன்.

"நேராத்தான் வெச்சிருக்காங்க. தலைமாட்டுல நிக்கிறவங்களுக்கு நேர். பெட்டிய நிமிர்த்தினா தலைகீழ். அது அவரு யோசனையே இல்லக்கா. அவரு நின்ன பக்கமே இது இல்ல."

அக்கா தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி.

"மொத ஜோடி," என்றாள் தம்பி பெண்டாட்டி. உப்புத்தாளை மடித்துக்கொண்டே சொன்னாள், யாரோ வேறு வீட்டுக் கதை மாதிரி. "அவருக்குக் கை வேர்க்கும். வெனீர் அவருக்கு வராது. சுருங்கிடும், கிழிச்சிடுவாரு. நான் வெக்கிறேன்னு சொன்னேன். எனக்கு நேரா இருக்கேன்னு வெச்சேன். தொட்டதும் ஒட்டிக்கிச்சு. எதிர்ல நுனியப் பிடிச்சுக்கிட்டு அவரு பாத்துட்டே இருந்தாரு. நிமிர்த்தினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. பிச்சு எடுத்துடலாம்னேன். வேணாம், இது என் அடையாளம்னு சொல்லிக்கிறேன்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் எல்லாமே அப்படித்தான். மரம் நானு. சத்தம் அவரு."

எனக்குள் கோபம் எழுந்து வந்தது. எனக்குப் பழக்கமான, நம்பகமான கோபம். "அவரு அடையாளமாமே. கை உங்களுது, பேரு அவருதா? வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லலையா?"

"அப்படியும் சொல்லலாம்," என்றாள். "தப்பு என்னுது, அத அவரு தன் மேல போட்டுக்கிட்டாருன்னும் சொல்லலாம். நானே ரெண்டையும் சொல்லிப் பாத்திருக்கேன். இருந்தா சண்டை போட்டிருப்பேன். இப்ப யார்கூடப் போடறது?"

கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றது. நானும்.

"தையல் வேலைன்னு சொன்ன," என்றாள் அக்கா.

"பட்டறைய பூட்டிட்டீங்க. அவன் வந்து திறப்பான்னீங்க. வரமாட்டாருன்னு உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? வெனீர் கட்டு கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது அண்ணி."

"அழவே இல்லையே நீ."

"வரல." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க அழுதா எனக்கும் வருமோன்னு பாத்துட்டு இருந்தேன். நீங்களும் அழல."

அக்கா கையில் போர்வை இன்னும் இருந்தது. சீப்பால் வாரிய தலை கலையவில்லை. ஒரு உயிர் ஏழு மாதம் முன்பு போயிற்று. இந்த அறையில், இந்த நிமிஷத்தில்தான் அது அவளுக்குப் போயிற்று. நான் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அறைவாள் என்றுகூட. சார்கூட அரையடி நகர்ந்து நின்றார், தேவைப்பட்டால் பிடிப்பதற்கு.

அவள் ஒன்றும் செய்யவில்லை. போர்வையை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"பசை பதம் போயிடும் அண்ணி," என்றாள் தம்பி பெண்டாட்டி. மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. காய்கிற பசையைப் பற்றிய தகவல். "இத வெச்சுட்டு வரேன். அப்பறம் என்ன வேணா கேளுங்க."

அக்கா செருப்பைக் கழற்றினாள். வாசல்வரை கொண்டுபோய் வெளியே விட்டாள். திரும்பி வந்து கால்மாட்டுப் பக்கம் போனாள். தூசியில் அவள் பாதம் பதிந்தது, ஒன்று, இன்னொன்று. செங்கல்லை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

வெனீரின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள்.

"இறுக்காதீங்க. சும்மா தூக்கினாப்ல பிடிங்க. நான் தாள உருவிட்டே வரேன்."

தம்பி பெண்டாட்டி மெழுகுத்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள். உருளை பின்னாலேயே வந்தது. மரம் பெட்டியைத் தொட்ட இடமெல்லாம் பெட்டியோடது ஆயிற்று. உருளையின் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. பாதி தூரம் வந்தபோது அக்கா குனிந்து பார்த்தாள்.

"இங்கேருந்து தலைகீழா தெரியுது."

"அங்கேருந்து அப்படித்தான் தெரியும்."

"அவனுக்கும் இப்படித்தான் தெரிஞ்சிருக்குமா? நீ வெக்கிறதுக்கு முன்னாடியே?"

உருளை நின்றது. தம்பி பெண்டாட்டி தலை தூக்கவில்லை.

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுமா பிடிச்சுக்கிட்டே நின்னான்?"

"ம்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லல அண்ணி. நான் வெச்சு முடிக்கிறவரைக்கும் ஒண்ணுமே சொல்லல."

அக்கா தலையை ஆட்டினாள். ஒரு தடவை. நுனியை விடவில்லை. உருளை மறுபடி நகர்ந்து அவள் விரல்வரை வந்தது. "விடுங்க" என்ற பிறகுதான் விட்டாள். விட்ட கையைக் கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தாள்.

"இன்னொரு பெட்டி இருக்கா?" என்றாள்.

"இருக்கு. ஜோடிதானே."

"பசை தடவு."

சார் என் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினார். எங்கள் வேலை முடிந்திருந்தது. நாங்கள் தேடி வந்தவனைத் தவிர மற்ற எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டோம். படியிறங்கும்போதுதான் என் கையில் இன்னும் செங்கல் இருப்பதைக் கவனித்தேன். கனமாக இருந்தது. துணிக்குள் யாரோ அதை இரண்டு சுற்றுச் சுற்றி, முனைகளை உள்ளே மடித்துத் தைத்திருந்தார்கள், மரத்தில் கீறல் விழாமல் இருக்க.

"சார், இத எங்க வெக்கிறது?"

அவர் கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு படியிறங்கினார்.